குறுக்கே இழுத்த அரம்

கும்மிடிப்பூண்டி,
21-6-1979.

மரியாதைக்குரிய பெரியவர் முனிகிருஷ்ணன் அவர்களுக்கு, துளசிராமன் வணக்கத்துடன் எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் போட்ட பஜ்ஜியில் உப்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. நீங்கள் யாரும் சொல்லவில்லை. மாவு கரைத்தது நான்தான். மன்னிக்கவும்.

பொன்னேரியில் படித்தபோது எங்கள் தமிழாசிரியர், கடிதம் என்றால் யார் யார், எங்கே என்பதை முதலில் தெளிவாக்கு, பிறகு விஷயத்துக்கு வா என்பார். அப்படியே செய்கிறேன். ஜன்னலோரப் பெஞ்சியில் நீங்களும் உங்கள் வீட்டம்மா கங்கம்மாளும் உட்கார்ந்திருந்தீர்கள். சம்பந்தம் கொண்டுவந்த ரோசம்மாள் வாசற்படியை அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் சமையல்கட்டு நிலையில் சாய்ந்து நின்றேன். என் தங்கை ரத்னா நடுவில் பாயில் இருந்தாள். மாப்பிள்ளை தேசப்பனுக்கு மடக்கு நாற்காலியை அவளுடைய வலது பக்கம் போட்டிருந்தேன்.

அவர் வந்ததும் அதைத் தூக்கி இடது பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ரத்னாவுக்கு வலது கண் இல்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்தால் பேசும்போதெல்லாம் அவள் கழுத்தைத் திருப்ப வேண்டும். யாரும் சொல்லாமல் அவராகவே செய்தார். ரத்னா அதைக் கவனித்தாள். அவள் கவனித்ததை நான் கவனித்தேன். இந்தக் கடிதம் எழுத வேண்டிவரும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"கண்ணு எப்டிம்மா போச்சு?" என்று கங்கம்மாள் அம்மா கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான்.

"வில்லு ஒடிஞ்சி அடிச்சிடுச்சு அத்தை. எங்க அண்ணன் குந்திக்கினு குந்திக்கினு இழைச்ச வில்லு. எனக்குக் கண்ணுதான் போச்சு, அதுக்கு மனசே போச்சு. அதப் பத்திப் பேசாதீங்க, அப்பறம் துன்னாம படுத்துக்கும்."

"பாத்தியா, தேதி குறிக்கறதுக்கு முன்னியே அத்தைன்ட்டா!" என்றாள் ரோசம்மாள். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

கிளம்பும்போது என் தோளில் கை வைத்து, "நைனா, எங்களுக்கு நகை நட்டு ஒண்ணும் வாணாம். ஆவணில ஒரு தேதி பாத்து கடுதாசி போடு, அது போதும்," என்றீர்கள். தேதிக்கு முன்னால் அம்மா கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வந்து சேர வேண்டும். ரத்னா பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் இங்கே தொழிற்பேட்டையில் கண்ணாடியிழைத் தொட்டி செய்யும் பட்டறையில் இருக்கிறேன். கண்ணாடியை நூலாக இழுத்து, ரெசின் என்ற பசையில் ஊறவைத்துக் காயவிட்டால் இரும்பு மாதிரி நிற்கும். அதை அராவும்போது பறக்கிற சிலாம்பு தோலுக்குள் இறங்கிவிடும், பார்த்தால் தெரியாது. எங்கள் அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது ரத்னா சின்னப் பெண். வளர்த்தது நான். நான் பட்டறையில் சேர்ந்ததிலிருந்து, வேலை விட்டு வந்ததும் என் கையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் ஊசியால் சிலாம்பு எடுப்பது அவள் வேலை. எனக்கே தெரியாததை அவள் கண் கண்டுபிடிக்கும். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, பிள்ளைகளுக்கு வில்வித்தை பழக்கிய அருணகிரி சார் அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் அவளைச் சேர்த்துக்கொண்டார்.

எழுபத்தாறில் மெட்ராசில் தேர்வுப் போட்டி வந்தது. சீமை வில் வாங்க எங்களுக்கு வழியில்லை. சார் கல்கத்தாவிலிருந்து இரண்டு பிளாங்க் வரவழைத்தார். பிளாங்க் என்றால், மெல்லிய மரப்பட்டைகளை நடுவில் வைத்து முன்னும் பின்னும் கண்ணாடியிழைத் தகடு ஒட்டி, அச்சில் வளைத்து எடுத்தது. பார்க்க வில் மாதிரி இருக்கும், ஆனால் வில் ஆகாது. அகலத்தைக் குறைக்க வேண்டும், நுனிகளில் நாண் உட்காரக் காடி வெட்ட வேண்டும், பிடிக்கு மேலே உள்ள மேல் கையும் கீழே உள்ள கீழ்க் கையும் ஒரே மாதிரி வளையும்வரை கொஞ்சம் கொஞ்சமாக அராவ வேண்டும்.

"துளசி, இத நீதாம்பா முடிக்கணும். இவ மட்டும் கெலிச்சா ரயில்வேல வேலை. கல்கத்தாலயே ஊடு குடுத்துடுவான். இன்னா சொல்ற?" என்றார் சார்.

செய்கிறேன் சார் என்றேன்.

"உனக்கு ஒரு அண்ணிய பாத்து குந்த வெச்சிட்டுத்தாண்ணா ரயில் ஏறுவேன். சிலாம்ப அவங்க எடுக்கட்டும், எனக்குப் பேஜாரு வுட்டுது," என்றாள் ரத்னா.

அதற்கு முன்பு ஒரு முறை பயிற்சிக்காக அவள் ஒரு வாரம் மெட்ராஸ் போயிருந்தாள். நான் பழக்கத்தில் இரண்டு தட்டு வைத்துவிட்டேன். ஒன்றை எடுத்து வைக்க மனம் வரவில்லை. அதிலும் சோறு போட்டு இரண்டையும் நானே சாப்பிட்டேன். ஏழு நாளும் அப்படித்தான். கையில் சிலாம்பு பழுத்துப்போனது. வேறு யாரிடமாவது காட்டலாம் என்று தோன்றவில்லை. இதை அனுதாபத்துக்காக எழுதவில்லை. காரணம் எழுதாமல் காரியத்தை மட்டும் எழுதினால் கடிதம் குறையாக இருக்கும்.

கண்ணாடியிழையை நீளவாக்கில்தான் அராவ வேண்டும். நார் ஓடும் பக்கமே அரமும் ஓட வேண்டும். குறுக்கே ஒரு கோடு விழுந்தால் நார் அறுந்துவிடும். வில்லை இழுக்க இழுக்க அந்த இடத்தில் தகடு கிளம்பி, ஒரு நாள் ஒடியும். பட்டறையில் புதிதாகச் சேருகிறவனுக்கு முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

முதல் பிளாங்க் வேலையில் கெட்டுவிட்டது என்று சாரிடம் சொன்னேன். "போனா போவுது, இன்னொண்ணு கீதே," என்றார். அது கெடவில்லை. அதை முழுசாக முடித்தேன். பிறகு மேல் கையின் வெளிப்புறம் அரத்தைக் குறுக்கே இழுத்தேன். அந்தக் கோட்டில் ரெசின் நிரப்பித் தேய்த்துக் கறுப்புப் பெயின்ட் அடித்தால் விரலுக்கும் தட்டுப்படாது. பட்டறை லீவு விட்டிருந்த அன்று அதைப் பின்சுவரில் மாட்டி, நாணில் கயிறு கட்டி, தள்ளி நின்று இழுத்தேன். நாணை இழுத்து நிறுத்தினால் ஆளின் முகம் வரும் இடத்தில் ஒரு பரங்கிக்காயைக் கட்டியிருந்தேன். சும்மா ஒடிந்து விழுமா, தெறிக்குமா என்று பார்க்காமல் ஒரு வேலையில் எப்படி இறங்குவது.

நிறைய முறை இழுத்தும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒடிந்தது. முறிந்த முனை பரங்கிக்காயில் விரல் நீளம் இறங்கியிருந்தது.

காயை வீணாக்கவில்லை. சிலாம்பு இருக்கும் என்று அந்தப் பாதியை வெட்டி எறிந்துவிட்டு, மீதியில் குழம்பு வைத்தேன். "இன்னாண்ணா, இன்னிக்கு இன்னா விசேஷம்?" என்று கேட்டு இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள்.

இரண்டாவது வில்லை அவளை எதிரே உட்காரவைத்துக்கொண்டுதான் முடித்தேன். நான் நாணை இழுத்துப் பிடிப்பேன். அவள் தூரத்திலிருந்து வளைவைப் பார்ப்பாள். "ண்ணா, கீழ்க் கை வெறைப்பா கீது. இன்னும் கொஞ்சம் தேய். போதும், போதும், அத்தோட வுடு." அவள் சொன்னது ஒவ்வொன்றும் சரி. அவ்வளவு நல்ல வில்லை நான் செய்வேன் என்று நினைத்ததில்லை. சார் இழுத்துப் பார்த்துவிட்டு, சீமை வில் தோத்துது போ என்றார். பெயின்ட் மட்டும்தான் பாக்கி. அவள் தலைக்குக் குளிக்கப் போனாள். சீயக்காய் தேய்த்து அலசுகிற நேரம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

போட்டி அன்று கோட்டுக்குப் பின்னால் நின்றேன். முதல் அம்புகள் நன்றாகப் போயின. ஒவ்வொன்றுக்கும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு சமயம், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். போட்டி நடக்கும்போது குரல் கொடுக்கக் கூடாது என்று விதி. பரங்கிக்காய் அசையாது, மனுஷராக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்பது என் கணக்கு. குறி பார்க்கிறவர்கள் முகத்தைத் திருப்ப மாட்டார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டபிறகு அவள் முதலில் கேட்டது, "அண்ணா துன்னுச்சா?" என்பதுதான். கல்கத்தாக்காரன் சரியாக ஒட்டவில்லை என்று சார் திட்டித் தீர்த்தார். அவள் வீட்டுக்கு வந்தாள். இரண்டு தட்டு வைத்தேன்.

இப்போதும் சாயங்காலம் சிலாம்பு எடுக்கிறாள். ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் பிடிபடுவதில்லை. ஊசி சதைக்குள் போய்விடும். "வலிக்குதாண்ணா?" என்பாள். இல்லை என்பேன். கையை ஒரு நாளும் இழுத்துக்கொண்டதில்லை. அதையே என் தண்டனையாக வைத்துக்கொண்டேன். ஒருவன் தன் தண்டனையை ஒழுங்காக அனுபவித்துவரும்போது நடுவில் வந்து நிறுத்துவது நியாயமா என்று உங்களைத்தான் கேட்கிறேன்.

இனி நீங்கள் செய்யக்கூடியவை. இந்தக் கடிதத்தைப் போலீசில் காட்டலாம். என் கையெழுத்துதான், மறுக்க மாட்டேன். ஆனால் ரத்னா கோர்ட்டில் ஏறி நின்று அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். அதை அவளுக்குச் செய்ய உங்களுக்கு மனம் வராது, நீங்கள் நல்லவர்கள். அல்லது, இதைப் பெரிதாக நினைக்காமல் ஆவணியில் கல்யாணத்தை முடிக்கலாம். அப்போது நானும் உங்கள் வீட்டுக்கு வந்து போகிறவன் ஆவேன். மாப்பிள்ளை ஊத்துக்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் சைக்கிளில் போகிறார் என்று ரோசம்மாள் சொன்னாள். நான் மிரட்டுவதாக நினைக்க வேண்டாம். என் கை என்ன செய்யும் என்று எனக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. ஒரே பிள்ளை வைத்திருக்கிறவர்களிடம் அதை மறைக்கக் கூடாது.

என்னைக் கேட்டால், பொருத்தம் அமையவில்லை என்று மட்டும் ஒரு கார்டு போட்டுவிடுங்கள். மேலே என் பெயரை எழுதுங்கள், அவள் பெயரை எழுத வேண்டாம். நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். கொஞ்ச நாள் அழுவாள். பக்கத்தில் நான் இருக்கிறேன்.

ரத்னா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். "இன்னாண்ணா, ஒரு தேதி எழுத இம்மா நேரமா? அஞ்சு மணிக்குத் தபால் பொட்டியத் தொறந்து எடுத்துக்கினு பூடுவான்," என்கிறாள். இதோ ஆயிற்று என்கிறேன். "அவரையும் கேட்டேன்னு ஒரு வரி போடுண்ணா." போடுகிறேன். ரத்னா மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இனி மடித்து, கோந்து தடவி ஒட்டி, அவள் கையிலேயே கொடுத்துவிடுவேன். வழியில் பிரித்துப் பார்க்கிறவள் இல்லை. அண்ணன் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவாள். இப்படி ஒரேயடியாக நம்புகிற பெண்ணை இன்னொருவர் கையில் ஒப்படைக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
துளசிராமன்.