மேப்பிளுக்கு வார்த்த கஞ்சி

சோறு வடித்த கஞ்சியை வீணாக்குவது எனக்கு எப்போதுமே பிடிக்காது.

எண்பத்தாறில் ஜெர்மனியின் ஹம் நகரில் பிரிங்மன் அம்மாவின் வீட்டுக் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். ஒரு அறையில் நானும் மகன் சோதிலிங்கமும். பக்கத்து அறையில் யோகம். மூவருக்கும் அகதி வழக்கு நடந்துகொண்டிருந்தது. முற்றத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு ஜப்பான் மேப்பிள் நின்றது. விரல் விரலாகப் பிரிந்த சிவப்பு இலைகள். அம்மாவின் கணவர் சாகுமுன் நட்ட மரம்.

யோகம் அதற்குத் தினமும் அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றுவாள். மரம் தழைத்தது. அம்மா அவளை மட்டும் மேலே கூப்பிட்டுக் கோப்பி கொடுப்பார். ஒருநாள் ஓடி வந்தாள்.

"அக்கா, என்ரை வழக்குக்கு அம்மா தன்ரை சட்டத்தரணியைப் பிடிச்சுத் தாறாவாம்."

"சோதிக்கும் கேட்டனியோ?"

"கேட்டனான் அக்கா. ஒராளுக்குத்தான் ஏலுமாம்."

நியாயமான பதில்தான். நான் கோபப்படவில்லை. அதன்பின் அம்மா கடைக்குப் போகும் நேரங்களில், வடித்த கஞ்சியில் இரண்டு பிடி உப்புப் போட்டு, சூடு ஆறுமுன் மேப்பிளின் அடியில் வார்த்தேன். நடுக் கோடையிலேயே இலைகள் கருகிச் சுருண்டன.

கிளையை ஒடித்துப் பார்த்த அம்மா, இதற்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்று என்னிடம்தான் கேட்டார். அந்தளவு ஜெர்மன் எனக்கு விளங்கும்.

"யோகம்" என்றேன்.

அது பொய்யில்லை. அவளும் மறைக்கவில்லை; அரிசித் தண்ணீர்ச் சட்டியையே கொண்டுவந்து காட்டினாள். அம்மா அதை மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவளை மேலே கூப்பிடவில்லை.

"ஊரிலை முருங்கைக்கு ஊத்துறனாங்கள்தானே அக்கா. நான் மரத்தைச் சாக்காட்டிப் போட்டனோ?"

"இந்த நாட்டு மரத்துக்கு ஒத்துக்கொள்ளேல்லையாக்கும். அழாதை பிள்ளை."

அம்மா சொல்லி, அந்தச் சட்டத்தரணி சோதியின் வழக்கை எடுத்தார். யோகத்தின் வழக்கு தள்ளுபடியானது. திருப்பி அனுப்பிய அன்று வழிக்குப் புட்டுக் கட்டிக் கொடுத்தேன்.

"மரத்துக்கு மன்னிப்புக் கேட்டனான் எண்டு அம்மாட்டைச் சொல்லுங்கோ அக்கா."

சொல்லவில்லை. அம்மாவின் மனத்தை ஏன் புண்படுத்த வேண்டும்? கொழும்பில் இறங்கியவளை ஆமிக்காரர் கொண்டுபோனார்களாம். எங்கே என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

சோதிக்கு விசா கிடைத்துவிட்டது; அவனோடு எனக்கும். மண்ணை மாற்றி அம்மா புது மேப்பிள் வைத்திருக்கிறார். நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அரிசி கழுவிய தண்ணீர்தான் ஊற்றுகிறேன், நன்றாகத் தழைக்கிறது.

பாவம், யோகத்துக்குத்தான் கைராசி இல்லை.