வந்தா வரும், இல்லன்னா இல்ல

தங்கச்சி: ...அப்ப தினமும் இப்படி ஆகல?

அக்கா: அதான் சொல்றேனே. நேத்து மூணு தடவை ஆன் பண்ணினேன். ரெண்டு தடவை கறுப்புத் திரையில ஏதோ எழுதிட்டு அப்படியே நின்னுடுச்சு. மூணாவது தடவை ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்துடுச்சு.

தங்கச்சி: என்ன எழுதுச்சு?

அக்கா: இங்கிலீஷ்ல திட்டுச்சு.

தங்கச்சி: அக்கா...

அக்கா: சரி, சரி. டிஸ்க்ல எதையோ காணோம்னுச்சு. சீக்கிரம் பாருடி. பதினோரு மணிக்கு எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் வர்றாங்க. அப்ப இது மக்கர் பண்ணினா எல்லாம் போச்சு.

தங்கச்சி: அவங்களுக்கு உன் கம்ப்யூட்டர்ல என்ன வேலை?

அக்கா: அது... பள்ளிக்கூட விஷயம். நீ வேலையைப் பாரு.

தங்கச்சி: எத்தனை நாளா இப்படி?

அக்கா: ரெண்டு வாரமா.

தங்கச்சி: உள்ள ஏதாவது புதுசா மாட்டினியா?

அக்கா: நானா? எனக்கு ஸ்குரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது.

தங்கச்சி: மூடியில மூணு ஸ்குரூதான் இருக்கு. நான் மூடினப்ப நாலு.

அக்கா: ...ஒண்ணு சோபாவுக்கு அடியில ஓடிடுச்சு.

தங்கச்சி: அகப்பட்டியா! தள்ளு, திறக்கிறேன்... ஏன் ரெண்டு டிஸ்க் இருக்கு?

அக்கா: வீடியோ பாத்து மாட்டினேன். தப்பா மாட்டிட்டேனா?

தங்கச்சி: இல்ல, ஒழுங்காத்தான் மாட்டியிருக்க. தப்பு என்னோடது.

அக்கா: உன்னோடதா?

தங்கச்சி: இந்தக் கம்ப்யூட்டரை ஓட்டற லினக்ஸைப் போட்டுக் குடுத்தப்ப, முதல் டிஸ்க்ல இருந்து எழுந்திருன்னு எழுதி வெச்சேன். இருக்கறதே ஒண்ணுதானேன்னு சோம்பேறித்தனம். இப்ப ரெண்டுல எது முந்துதோ அதுதான் முதல் டிஸ்க். பழசு முந்தினா சரி. நீ மாட்டினது முந்திட்டா...

அக்கா: காணோம், காணோம்னு கத்தும்.

தங்கச்சி: அதேதான். ஒவ்வொரு டிஸ்குக்கும் மாறாத அடையாள நம்பர் ஒண்ணு உண்டு. அதை எழுதிட்டா போதும்... ம், ஆச்சு. அமுக்கு.

அக்கா: வந்துடுச்சு!

தங்கச்சி: ஒரு தடவையை நம்பாதே. பத்து தடவை அணைச்சு அணைச்சுப் போடு... இரு. இந்த டிஸ்க் என்னோடது. நான் தூக்கிப் போட்டது.

அக்கா: ஆமா. குப்பைத்தொட்டியில இருந்து எடுத்தேன்.

தங்கச்சி: எதுக்கு? அதுல இருக்கற என் புரோகிராமை நாலு கம்பெனியில வேணாம்னுட்டாங்களே.

அக்கா: அவங்களுக்குக் கண்ணு தெரியுது, வேணாம்பாங்க. என் கிளாஸ்ல பதினாலு பிள்ளைங்களுக்குத் தெரியாது. போன சனிக்கிழமை ரெண்டு பேரை இங்க கூட்டிட்டு வந்தேன். உன் புரோகிராம் பாடத்தைப் படிச்சுக் காட்டுது, ரெண்டுல சின்னது அடுத்த பக்கம், அடுத்த பக்கம்னு என்னை விடவே இல்ல. அதைக் கேக்கத்தான் ஹெட்மிஸ்ட்ரஸ் வர்றாங்க. பிடிச்சுட்டா பள்ளிக்கூடம் முழுக்க... ஏன்டி அழற?

தங்கச்சி: யாரு அழறா? எத்தனை தடவை ஆச்சு?

அக்கா: ஒன்பது. ஒன்பதும் வந்துடுச்சு. இதோ... பத்து! ...உன்னைக் கேக்காம எடுத்தேன்னு கோபமா?

தங்கச்சி: கோபமா? என் வீட்லயும்தான் குப்பைத்தொட்டி இருக்கு. ரெண்டு பஸ் மாறி வந்து, உன் வீட்டுத் தொட்டியில, நீ பாக்கற மாதிரி மேலாக ஏன் வெச்சேன்னு நினைச்ச?