சுண்ணாம்புக்கு அடங்காத கறை

சூப்பர்வைசர்: ...அங்க மட்டும் பிரஷ் வைக்காதீங்க டீச்சர். காயல.

டீச்சர்: நேத்து அடிச்ச சுண்ணாம்பு சார். அடிக்கிற வெயிலுக்கு மதியமே காஞ்சிருக்கும்.

சூப்பர்வைசர்: அப்போ ஏன் மறுபடி தெரியுது?

டீச்சர்: புகைக்கறை. எத்தனை பூச்சு பூசினாலும் ஊறி வெளிய வந்துடும். மூணு தடவை அடிச்சீங்களா?

சூப்பர்வைசர்: நாலு.

டீச்சர்: நீங்களேவா?

சூப்பர்வைசர்: ...வேலையாள் மாட்டேன்னுட்டான்.

டீச்சர்: சுத்திப் பூரா புகை படிஞ்சிருக்கு. நடுவுல ஒரு ஆள் அளவுக்கு மட்டும் படியல. யாரோ சுவரோட ஒட்டி நின்னிருக்காங்க.

சூப்பர்வைசர்: பெட்டி அடுக்கியிருந்திருப்பாங்க.

டீச்சர்: பெட்டிக்குத் தோள் இருக்குமா சார்?

சூப்பர்வைசர்: சும்மா பயமுறுத்தாதீங்க. நம்ம ஆலைத் தீயில போனது பதினோரு பேர். அவங்க நினைவா நீங்களும் உங்க பள்ளிக்கூடத்துப் பசங்களும் இந்தச் சுவர்ல பதினோரு முகமும் வரைஞ்சாச்சு. நாலு மணிக்கு முதலாளி விசாரணை அதிகாரியைக் கூட்டிட்டு வர்றார். பன்னிரண்டாவதா ஒண்ணு தெரிஞ்சா நான் ஜெயிலுக்குத்தான் போகணும்.

டீச்சர்: பசங்க இந்த மூலைக்கே வர்றதில்ல. ஆனா கிளம்பும்போது இங்க பார்த்து, ‘போயிட்டு வர்றோம்’னு சொல்லிட்டுத்தான் போறாங்க. நான் சொல்லிக் கொடுக்கல.

சூப்பர்வைசர்: ...பதில் வந்துச்சா?

டீச்சர்: சார்!

சூப்பர்வைசர்: இல்ல... சும்மா கேட்டேன்.

டீச்சர்: நில்லுங்க. இதை ஒரு பொண்ணு முகமா ஆக்கிப் பார்க்கிறேன். கற்பனைதான்.

சூப்பர்வைசர்: வேண்டாம்...

டீச்சர்: கரித்துண்டுதானே, துடைச்சிடலாம். நெற்றி இப்படி... ரெட்டை ஜடை... வலது புருவத்துல ஒரு தழும்பு.

சூப்பர்வைசர்: இடது.

டீச்சர்: என்ன சார்?

சூப்பர்வைசர்: ஒண்ணுமில்ல.

டீச்சர்: பல்லு நல்லா வரிசையா...

சூப்பர்வைசர்: முன்பல்லு நடுவுல சந்து இருக்கும். சிரிச்சா கையால மூடிக்கும். ஜடையும் ரெண்டு கிடையாது, ஒண்ணு... ஐயோ.

டீச்சர்: அந்தப் பதினோரு பேர் வீட்டுலயும் இப்படித்தான் வரைஞ்சேன். ‘எப்படி இருந்தாங்க’ன்னு கேட்டா அழுகைதான் வரும். தப்பா வரைஞ்சா, பொறுக்க முடியாம திருத்துவாங்க.

சூப்பர்வைசர்: நீங்க டீச்சரா, போலீஸா?

டீச்சர்: அவ இங்க ஏன் நின்னா?

சூப்பர்வைசர்: ...சோதனைக்கு யாராவது வந்தா சின்னப் பொண்ணுங்க பெட்டிக்குப் பின்னால போயிடணும். அன்னைக்குச் சின்னப் பொண்ணுங்கள்ல அவ ஒருத்திதான் வேலைக்கு வந்திருந்தா. ‘நான் கூப்பிடுற வரைக்கும் அசையாதே’ன்னேன். தலையாட்டினா.

டீச்சர்: அப்புறம் தீ.

சூப்பர்வைசர்: ம்.

டீச்சர்: கூப்பிட்டீங்களா?

சூப்பர்வைசர்: ...ஓடிட்டேன்.

டீச்சர்: அப்போ, இன்னும் கூப்பிடல.

சூப்பர்வைசர்: அப்படிச் சொல்லாதீங்க டீச்சர்! நாலு தடவை சுண்ணாம்பு அடிச்சேன். நாலு தடவையும் அந்த இடம் மட்டும் சுட்டுச்சு. தீ அணைஞ்சு ரெண்டு மாசமாச்சு.

டீச்சர்: வீட்டுல தேடலையா?

சூப்பர்வைசர்: சித்தி மட்டும்தான். அவ வேற ஊருக்கு வேலைக்குப் போயிட்டான்னு சொன்னோம். முதலாளி ஆளுங்க விடியறதுக்குள்ள சாம்பலோட சாம்பலா அள்ளிட்டாங்க. பதிவேட்டுல அவ இருந்த பக்கத்தை நான்தான் கிழிச்சேன்.

டீச்சர்: அவ இங்க இருந்ததுக்கு வேற ஒண்ணுமே இல்லையா?

சூப்பர்வைசர்: ஒரு கடிதம் இருக்கு. வேலைக்குச் சேரும்போது கொடுத்தது. பதினெட்டு முடிஞ்சிருச்சுன்னு பள்ளிக்கூடத்துல எழுதினது. எரிக்க மனசு வரல, வீட்டுல வச்சிருக்கேன்.

டீச்சர்: கொண்டு வாங்க. அவ முகத்துக்குக் கீழ ஒட்டணும்.

சூப்பர்வைசர்: கோழி கிளறின மாதிரி ஒரு கையெழுத்து டீச்சர், எந்தப் புண்ணியவான்னே தெரியல. ஒட்டினா என்னோட சேர்ந்து அந்த ஆளும் உள்ள போவான்.

டீச்சர்: போகட்டும்.

சூப்பர்வைசர்: இருங்க... நான் இடதுன்னுதான் சொன்னேன். தழும்பு இருக்குன்னு சொன்னதே நீங்கதானே. உங்களுக்கு எப்படித் தெரியும்?

டீச்சர்: என் வகுப்புல முதல் பெஞ்சு சார். பதிமூணு வயசு. அந்த மாசம் தலைமையாசிரியர் பொறுப்பு என்கிட்ட இருந்துச்சு... சித்தி கெஞ்சினாங்க. கையெழுத்துப் போட பேனா எடுத்துக் கொடுத்ததே அவதான்.