கீழ் வீடு, வாக்காளர் இருவர்

"அண்ணா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கோ!"

ஓடுகிறேன். தங்கையின் மகள் வாசுகி என் தோளில். ஆறு வயது. பின்கதவு. கோப்பிச் செடிகள். வடிகான். கண்டி, 1983 ஜூலை 26, செவ்வாய், பிற்பகல் மூன்று மணி. கானுக்குள் விழுந்து அவள் வாயைப் பொத்துகிறேன். தங்கை வரவில்லை. காய்ச்சலில் கிடந்த கணவனை எழுப்பத் திரும்பிப் போனாள்.

முன்வாசலில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கூட்டம். மேல்மாடியில் இருந்த வீட்டுக்காரர், சிங்களவர், இறங்கி வந்தார். இங்கே தமிழர் இல்லை, முழு வீட்டிலும் நான்தான் இருக்கிறேன் என்று கத்தினார். நல்ல பொய். நம்பக்கூடிய பொய். கூட்டம் அடங்கியது. பிறகு கடதாசி விரிக்கும் சத்தம். ஒருவன் சிங்களத்தில் வாசித்தான். கீழ் வீடு. வாக்காளர் இருவர். இரண்டு பெயரும் பிழையில்லாமல்.

கண்ணாடி. மண்ணெண்ணெய்த் தகரம் உருளும் ஒலி. கதவை வெளியே பூட்டும் ஒலி. தங்கையின் குரல் நான்கு நிமிடம் கேட்டது. கையில் மணிக்கூடு கட்டியிருந்தேன்.

முப்பத்தைந்து வருடம் கழித்து, போலந்தின் கிராகோவ் நகரம். ஜெர்மனியில் இருக்கும் வாசுகி கூட்டிவந்தாள். யூதர்களை அடைத்துவைத்திருந்த பகுதி. சதுக்கம் முழுக்க, நினைவுச் சின்னமாக, வெறும் உலோகக் கதிரைகள். இங்கே திரட்டித்தான் ரயிலேற்றினார்கள். ஒரு கதிரையில் உல்லாசப் பயணி ஒருவர் உட்கார்ந்து பாண் தின்கிறார். தடுக்க ஒழுங்குவிதி இல்லைப் போலும்.

நினைவகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பட்டியல். தொடர் இலக்கம், பெயர், பிறந்த ஆண்டு, தொழில், முகவரி. ஓரம் சீராக விட்ட தட்டச்சு. கண்டிக் கச்சேரியில், அரச அலுவலகத்தில், படிவம் சரிபார்த்த என் கண் அதிலும் பிழை தேடியது. ஒழுங்காகப் பதிந்தால் ஆபத்தில்லை என்று பலர் நம்பினார்களாம்.

"என்ன மாமா, இங்கயும் பிழை பிடிக்கிறியளோ? கச்சேரிப் புத்தி போகாது."

"பிழை இல்லைப் பிள்ளை."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "வீட்டுக்காரர் அப்பிடிப் பொய் சொல்லியும் எங்களை எப்பிடி மாமா கண்டுபிடிச்சவங்கள்?"

பலமுறை கேட்டிருக்கிறாள். அயலவர் காட்டிக்கொடுத்தார்கள் என்பேன். அயலவர் நல்லவர்கள். அன்று உண்மையைச் சொன்னேன்.

வாக்காளர் படிவத்தில் வீட்டுக்காரர் தன் குடும்பத்தை மட்டும் எழுதியிருந்தார். "விடுங்கோ மச்சான், ஓட்டுப் போட்டு என்ன காணப்போறம்" என்றார் வாசுகியின் தகப்பன். நான் விடவில்லை. கீழ் வீட்டுக்குத் தனிப் படிவம் உண்டு. எனக்குத் தெரியாத படிவமா? கிராம சேவகரிடம் நேரில் போய் வாங்கினேன். தெளிவான எழுத்தில் நானே நிரப்பினேன். என் பெயரை மட்டும் யாழ்ப்பாணப் பட்டியலிலேயே விட்டுவைத்தேன். ஊர் வாக்கை விட மனமில்லை. வீட்டுக்காரரின் பொய்யை நான் முன்கூட்டியே முறியடித்திருந்தேன்.

வாசுகி கண்ணாடியைப் பார்த்தபடி நின்றாள்.

"ஆர் உங்களைக் கேட்டது?"

வெளியே போனாள். டிராம் வந்தது. ஏறினாள். நான் ஏறுகிறேனா என்று பார்க்கவில்லை.

அந்தப் படிவத்தின் கணக்கு இது. மச்சான், வயது 41. தங்கை, 34. அவள் வயிற்றில் ஐந்து மாதம். அதற்குப் பெயரில்லை, ஆகவே எந்தப் பட்டியலிலும் இல்லை. வாசுகி உயிரோடிருக்கிறாள். என் அழைப்புகளை எடுப்பதில்லை. அவளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நால்வர்.