பொண்டாட்டி போட்ட முட்டை

கணவன்: அதுக்காக முட்டையா போடுவே? கட்டின புருஷனுக்கு?

மனைவி: டூட்டியில நான் சூப்பர்வைசர். புருஷனெல்லாம் கேட்டுக்கு வெளியே.

கணவன்: டெஸ்ட் நடக்கும்போது நீயும் நானும்தானே இருந்தோம்... கண்டுக்காம பாஸ் போட்டிருக்கலாம்ல?

மனைவி: எதைக் கண்டுக்காம? ஹோட்டல்காரனோட பெட்ஷீட் பூரா ரோஸ் கலர்ல நிக்குது! வெள்ளைத் துணியோட யாராவது சிவப்புத் துண்டைப் போடுவாங்களா? லாண்டரியில சேர்ந்த அன்னைக்கே சொல்லிக் கொடுக்கிறதுங்க அது.

கணவன்: கண்ணு தெரியலை...

மனைவி: நான் ஒளிச்சு வைக்கிற பிஸ்கட் மட்டும் நல்லாத் தெரியுது?

கணவன்: எல்லாம் நம்ம கம்பெனியால வந்த வினை. தொலைதூரப் பல்கலைக்கழகத்தோட கூட்டுச் சேர்ந்து கோர்ஸாம்! பாடம் அவங்க போன்ல நடத்துவாங்களாம், செய்முறைக்கு நீ மார்க் போடுவியாம். வீட்டுல நீ போடுற மார்க் பத்தாதா?

மனைவி: அவங்க வாத்தியார் போன் பண்ணினார்.

கணவன்: ...எதுக்கு?

மனைவி: "எழுத்துத் தேர்வுல உங்க வீட்டுக்காரர்தான் முதல். துணி பிரிக்கிற பாடத்துல நூத்துக்கு நூறு. இன்னொரு வாய்ப்புக் கொடுங்க"ன்னார்.

கணவன்: அந்த ஆளுக்கு வேற வேலையே இல்லையா?

மனைவி: மேனேஜர் பக்கத்துலயே நின்னார். என்ன பண்றது... சரின்னுட்டேன். நாளைக்கு மேனேஜர் முன்னாடி மறுபடி டெஸ்ட்.

கணவன்: அடிப்பாவி!

மனைவி: ஏன் இப்படிப் பதறுறீங்க? பாஸானா நீங்களும் சூப்பர்வைசர். சம்பளமும் கூடும்.

கணவன்: கூடும், கூடும்... எந்தக் கிளையில?

மனைவி: ...புதுசாத் திறக்கிறாங்களே, அதுல.

கணவன்: அது எங்கே இருக்கு? ராத்திரி பூரா ரயில்ல உட்காரணும். ரெண்டு வருஷம் அசைய முடியாது. ஃபீஸ் கட்டும்போதே கையெழுத்து வாங்கிட்டானுங்க.

மனைவி: அதனால...?

கணவன்: அதனாலதான் அந்தச் சிவப்புத் துண்டைப் போட்டேன், போதுமா! வேணும்னேதான் போட்டேன். அங்கே போய் நான் யார்கிட்டத் திட்டு வாங்குவேன்? நீ இல்லாம எனக்கு ஒரு நாள் ஓடாதுடி.

மனைவி: மானங்கெட்ட மனுஷன்...

கணவன்: சிரிக்காதே. ஒண்ணு மட்டும் புரியலை. நான் போட்டது சின்னக் கைத்துண்டு. மெஷினைத் திறந்தா இவ்வளவு பெரிய குளியல் துண்டு ஒண்ணும் சேர்ந்து வந்துச்சே... அதுவும் சிவப்பு!

மனைவி: ...எங்கே பாஸாகித் தொலைச்சிடுவீங்களோன்னு பயந்து, நான் போட்டது.