முத்துத்தாய்க்கு நான் எழுதிய சான்று

கடிதம் எழுதுவதில் எனக்கு எந்நாளும் சோம்பல் இருந்ததில்லை, ஐயா. பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்த பதினான்கு ஆண்டுகளில், சான்று கேட்டு வந்த எவரையும் நாளை வா என்று திருப்பி அனுப்பியதில்லை. ஆகவே, ஏழாண்டுப் பழைய கடிதம் ஒன்றைப் பெங்களூரிலிருந்து கொண்டு வந்து, இது உங்கள் கையெழுத்தா என்று தாங்கள் கேட்பதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. என்னுடையதுதான். மை சற்று மங்கியிருக்கிறது.

முத்துத்தாய் எங்கள் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. கரிவலம்வந்தநல்லூரில் நிலம் உழும் சம்சாரி மூக்காண்டியின் மகள். சென்னையில் உளவியல் எம்.ஏ. படித்தவள். 1977ஆம் ஆண்டில், தங்கள் பெங்களூர் மனநல நிலையத்து மருத்துவ உளவியல் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தாள். விண்ணப்பத்துடன் ஓர் ஆய்வுக் குறிப்பும் வைக்க வேண்டியிருந்தது. அதற்காக அவள் தேர்ந்துகொண்ட இடம் எங்கள் ஊர்க் கோயில்.

கோமதியம்மன் சந்நிதிக்கு எதிரே ஒரு சக்கரக் குழி உண்டு. சித்தம் கலங்கியவர்களை அதில் அமர்த்துவது வழக்கம். அம்மன் பார்வை நேரே படும் என்பது நம்பிக்கை. முறைக்குக் காத்திருப்போர் சுற்றிலும் அமர்ந்திருப்பர். பள்ளி விட்டதும் முத்துத்தாய் அங்குச் சென்று, அவர்களோடு தரையில் அமர்ந்து, அவர்கள் பேசுவதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்வாள். எட்டு மாதம் அவ்வாறு செய்தாள்.

அங்கு அமர்வோரில் என் தங்கை நெல்லையம்மாளும் ஒருத்தி. கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்த நாள் முதலாக, ஒன்பது ஆண்டுகள் அவள் வாய் திறந்ததில்லை. அவள் பொருட்டு நான் திருமணம் செய்துகொள்ளவில்லை. குளிப்பாட்டுவேன், சோறு ஊட்டுவேன், தலைவாரி மல்லிகை சூட்டிக் கோயிலுக்கு அழைத்துச் செல்வேன். இப்படி ஓர் அக்காள் எவளுக்கு வாய்க்கும் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். நான் மறுத்ததில்லை.

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பிரகாரத்தில் நின்ற என்னிடம் முத்துத்தாய் ஓடி வந்தாள்.

"டீச்சர், நெல்லையம்மாக்கா பேசிட்டாவ."

"யார்ட்டப் பேசினா?"

"எங்கிட்டத்தான். 'பூவு கனக்கு, எடுத்துருட்டி'ன்னாவ. எடுத்ததும் பல்லு தெரியச் சிரிச்சாவ டீச்சர்."

ஒன்பது ஆண்டுகள் நான் சூட்டிய பூ அவளுக்குக் கனத்திருக்கிறது. அதை எட்டு மாதப் பழக்கமுள்ள ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறாள். பெரிதாக ஒன்றுமில்லை. அன்று எனக்கு உணவு செல்லவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் முத்துத்தாய் சான்று கேட்டு என் அறைக்கு வந்தாள். பள்ளி ஆயா மாடத்தி தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டு, வழக்கம்போல் போகாமல் நின்றாள்.

"எடம் கெடைச்சிட்டுன்னா அக்காவையும் அங்கன கூட்டிட்டுப் போயிருதேன் டீச்சர். பெரிய பெரிய டாக்டருமாரு இருக்காவ. நீங்களும் எத்தன காலந்தான் செமப்பிய?"

"நல்லாச் சொன்னே போ," என்றாள் மாடத்தி. "அவுகளும் போயிட்டா டீச்சருக்கு வீட்டுல என்ன சோலி? கண்ணாடியப் பாத்துப் பேசிக்கிட வேண்டியதுதான்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விண்ணப்பிப்பவர் பணிபுரியும் இடத்துத் தலைவர், தம் கருத்தை உறையிலிட்டு ஒட்டித் தனியே அனுப்ப வேண்டும் என்பது தங்கள் நிலையத்தின் விதி. விண்ணப்பித்தவர் அதைப் பார்க்கலாகாது. நான் எழுதியதில் பொய் ஒன்றுமில்லை. தாங்களே பாருங்கள். 'நல்லொழுக்கம் உடையவர். மனநோயாளரை அமர்த்தும் கோயிற்குழியின் அருகே, எட்டு மாதங்களாக நாள்தோறும் அமர்ந்து வருகிறார். அங்குள்ளோர் கூறுவனவற்றை இடைவிடாது எழுதுகிறார். தந்தையார் கவலையுற்றிருக்கிறார்.' மகளுக்கு வரன் அமையவில்லையே என்று மூக்காண்டி உண்மையாகவே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். ஆய்வுக்காக என்னும் ஒரு சொல்லை மட்டும் நான் எழுதவில்லை. இடம் போதவில்லை என்று கூறலாம். ஆனால் தாளில் பாதி வெறுமையாக இருந்ததைத் தாங்கள் காண்கிறீர்கள்.

அன்று தங்கள் நிலையத்தில் அக்கடிதத்தை முதலில் படித்துவிட்டு ஆய்வுக் குறிப்பை எடுத்தவர், அதை ஒரு நோயாளியின் எழுத்தென்றே கொண்டார். தாங்களோ இப்போது பழைய கோப்பில் குறிப்பை முதலில் படித்தீர்கள். எழுதியவளைக் காண இத்துணைத் தொலைவு வந்துவிட்டீர்கள்.

இடமில்லை என்றும், உரிய சிகிச்சை அளிப்பது நலம் என்றும் பள்ளி முகவரிக்கே பதில் வந்தது. மூக்காண்டிக்கு எழுத்துத் தெரியாது. அவரை வரவழைத்து, வரிக்கு வரி நானே தமிழில் சொன்னேன்.

"எம்மவ நல்லாத்தானம்மா இருக்கா," என்றார் அவர்.

"பெரிய டாக்டருல்லா எழுதியிருக்காரு. நான் என்னத்தச் சொல்ல?"

முத்துத்தாய் மறுத்தாள், உரக்க மறுத்தாள், என் மேசை மேலிருந்த மைப்புட்டியைத் தட்டிவிட்டாள். அது அவளுக்கு உதவவில்லை. தந்தையின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பிள்ளைகளின் நலன் கருதி மறுநாளே அவளைப் பணியிலிருந்து விலக்கினேன்.

மூக்காண்டி அவளை ஒரு மண்டலம் குழியில் அமர்த்தினார். குணம் தெரியவில்லையே என்றார். நோயே இல்லாதவளிடம் குணம் எவ்வாறு தெரியும்? அதை நான் அவரிடம் சொல்லவில்லை. இன்னொரு மண்டலம் இருத்திப் பாருங்கள் என்றேன். வயல் வேலையை விட்டுவிட்டு அவரால் நாள்தோறும் வர இயலாது. எனவே அவளையும் அழைத்துச் சென்று அமர்த்தும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். முதலிரண்டு ஆண்டுகள், "என்ன எழுதுனிய டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். வர வர யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. இப்போது தாங்கள் சோதித்தால், என் கடிதம் தவறென்று தங்களாலும் சொல்ல முடியாது.

அறிந்தேதான் செய்தேன், ஐயா. என் தங்கை அவளிடம் பேசினாள்; அதனால் செய்தேன்.

முத்துத்தாயைக் குழியில் அமர்த்திய நாளுக்குப் பின் நெல்லையம்மாள் எவரிடமும் பேசவில்லை. அவளிடமும் இல்லை. நாளைக் காலை கோயிலுக்கு வாருங்கள், இருவரையும் காட்டுகிறேன். எத்துணை அமைதியாக இருக்கிறார்கள் என்று தாங்களே பார்க்கலாம். இத்தனை ஆண்டுகளில் என் தங்கை என்னைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை.