ஆறாயிரத்து ஒரு கை

அண்ணி: வாக்கிடாக்கில கேக்குதா தம்பி? மறுபடி அழுத்தறேன்... இப்போ?

தம்பி: எரியுது அண்ணி. ஆறாயிரம் நாற்காலி, கச்சேரிக்கு வர்றவங்க கட்டிக்க ஆறாயிரம் மினுக்குற கைப்பட்டை. எல்லாத்துலயும் ஒரு பல்லு இளிக்குது.

அண்ணி: பற்பசைக் கம்பெனி இலவசமாக் கொடுக்கிற பட்டை. பின்ன உன் மூஞ்சியையா போடுவாங்க?

தம்பி: போட்டா கூட்டம் இன்னும் சேரும்.

அண்ணி: சேரும், சேரும். பாப்பா பொம்மைக்குப் பேட்டரி போட்டுக் கொடுத்தியே, நாலு மாசமா அது கண்ணை மூடவே மாட்டேங்குது. அந்தக் கைராசிக்காரன்தானே நீ... சரி, விளையாட்டை விடு. நாற்காலிக்கு ஒரு பட்டைன்னு எத்தனை கை வச்ச?

தம்பி: ஆறாயிரம். எண்ணி எண்ணி நானே வச்சேன்.

அண்ணி: திரையில ஆறாயிரத்து ஒரு கை பதில் சொல்லுது.

தம்பி: மிஷின் தப்பா எண்ணியிருக்கும்.

அண்ணி: மூணு தடவை பாத்துட்டேன். எண்ணிக்கை ஒத்துப்போகாம இந்தப் பட்டியல் பூட்டாது. பூட்டாம கதவைத் திறக்க விடமாட்டாங்க. கம்பெனி அம்மா வாசல்ல கடிகாரத்தையே பாத்துட்டு நிக்கறாங்க.

தம்பி: எங்க காட்டுது அந்தக் கை?

அண்ணி: மேல் மாடம். கடைசி வரிசை.

தம்பி: நான் அங்கதான் நிக்கறேன். வெயில் பளீர்னு அடிக்குது. நாற்காலிக்கு அடியில கூட ஒண்ணும் இல்ல.

அண்ணி: நாலு படி இறங்கு...

தம்பி: இறங்கிட்டேன்.

அண்ணி: அதுவும் இறங்குது.

தம்பி: ...நம்பர் என்ன அண்ணி?

அண்ணி: ஒண்ணு.

தம்பி: அண்ணன் கட்டிக்கிட்டு சோதிச்சுப் பாப்பாரே, அந்தப் பட்டையா? அதை நீங்க இன்னும் பட்டியல்ல இருந்து எடுக்கலையா?

அண்ணி: மனசு வரல. அவர் போனதுல இருந்து, எந்த அரங்கத்துக்குப் போனாலும் 'ஒண்ணு, பதில் இல்லை'ன்னு காட்டும். அதைப் பாத்துட்டு அடுத்த வேலையைப் பாப்பேன்... இங்கதான் முதல் தடவையா பதில் சொல்லுது. அவர் விழுந்தது இதே மாடத்துல இருந்துதானே.

தம்பி: எடுத்துடுங்க. ஒரே ஒரு பொத்தான்.

அண்ணி: எடுத்தா மறுபடி சேர்க்க முடியாது.

தம்பி: தெரியும். ஆனா எல்லாரும் காத்துட்டிருக்காங்க அண்ணி.

அண்ணி: இத்தனை நாளா வாய் திறக்காத கைடா. இன்னைக்குப் பதில் சொல்லுது. இன்னைக்குப் போய் எப்படி எடுக்கறது?

தம்பி: பழைய மூட்டையில கலந்து வந்திருக்கும்...

அண்ணி: கலக்கல. வந்திருக்கவே முடியாது.

தம்பி: எப்படிச் சொல்றீங்க?

அண்ணி: யார்கிட்டயும் சொன்னதில்ல... பெட்டியை மூடறதுக்கு முன்னாடி நான்தான் அவர் மணிக்கட்டுல மாட்டி விட்டேன். சட்டைக் கைக்குள்ள தள்ளி, வெளிய தெரியாம.

தம்பி: நான் பாத்தேன் அண்ணி. நீங்க நகர்ந்ததும்... நான் கழட்டிட்டேன். அண்ணன் ஞாபகமா ஒண்ணு என்கிட்ட இருக்கணும்னு தோணிச்சு. இப்பவும் என் சட்டைப்பையிலதான் இருக்கு. திட்டுங்க அண்ணி.

அண்ணி: அடப்பாவி... அப்போ உன் பையில இருந்துதான் பதில் சொல்லுதா. நான் என்னென்னவோ நினைச்சுட்டேன்டா. திட்டறதை வீட்ல வச்சுக்கறேன். பட்டியல்ல அது இருக்கட்டும், எடுக்க வேண்டாம். பட்டையில இருக்கிற பேட்டரியை மட்டும் கழட்டு. ஆறாயிரம் சரியா வந்துடும், கதவைத் திறந்துடலாம்.

தம்பி: இருங்க, வெளிய எடுத்துப் பாக்கறேன்.

அண்ணி: திரையில ஒண்ணு இன்னும் எரியுதே. கழட்டிட்டியா?

தம்பி: அன்னைக்கே கழட்டிட்டேன் அண்ணி... பாப்பா பொம்மைக்குள்ள இருக்கிறது அந்தப் பேட்டரிதான்.